போட்டியில் ஜெயித்தவர் செட்டிநாட்டு வீட்டுக்குள் கேமராவோடு நுழையும்போது

கேள்வி இதுதான்: வீட்டு உள்ளலங்காரப் போட்டி ஒன்றில் முதல் பரிசு வாங்கிய பெண்ணுக்கு டிவியில் புதுத் தொடர் ஒன்றை நடத்தும் வாய்ப்பு வந்திருக்கிறது. முதல் எபிசோடு காரைக்குடிப் பக்கம் ஒரு நகரத்தார் வீடு. அங்கே பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையை 12 நாளில் விருந்தினர் தங்கும் அறையாக மாற்றிக் காட்ட வேண்டும். எதைச் செய்யலாம், எங்கே சறுக்கும் என்று அவருடைய அண்ணன் கேட்டிருக்கிறார்.

12 நாள் போதும். ஆனால் அதை ஒரே மூச்சில் வாங்கிவிடாதீர்கள். முதலில் 4 நாள், நடுவில் 3 வாரம் இடைவெளி, பிறகு 8 நாள் என்று சேனலிடம் பிரித்துக் கேளுங்கள். ஆள், வண்டி, சாப்பாட்டுச் செலவு அதனால் கொஞ்சம்தான் ஏறும். பிரிக்காவிட்டால் சுவருக்குப் பூசும் சுண்ணாம்பும் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் உங்கள் கால்ஷீட்டுக்குக் காத்திருக்காது. கடைசி இரண்டு நாளில் யாராவது ஒரு டப்பா பிளாஸ்டிக் எமல்ஷனை வாங்கிவந்து சுவரை மூடிவிடுவார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் உரிந்து தொங்கும்போது வீட்டுக்காரர் யாரைத் தேடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

போட்டியில் வென்றவருக்கே நிகழ்ச்சியைக் கொடுப்பது புதிதல்ல. அமெரிக்காவில் எச்ஜிடிவி சேனல் 2006இல் தொடங்கிய ‘டிசைன் ஸ்டார்’ போட்டியின் பரிசே ஒரு நிகழ்ச்சிதான். முதல் முறை வென்ற டேவிட் பிரோம்ஸ்டாட் அடுத்த வருஷமே ‘கலர் ஸ்பிளாஷ்’ நடத்த வந்தார். நிறம் என்ற ஒரே பிடியில் அந்தத் தொடர் நின்றது. 2010இல் வென்ற எமிலி ஹென்டர்சன் அதற்கு முன் புகைப்படங்களுக்குப் பொருள் அடுக்கும் ஸ்டைலிஸ்ட். அவர் நடத்திய நிகழ்ச்சியின் பெயரும் ‘சீக்ரெட்ஸ் ஃப்ரம் எ ஸ்டைலிஸ்ட்’. கவனிக்க வேண்டியது என்னவென்றால், போட்டியில் நடுவர் பார்ப்பது முடிந்த அறையை. வாராவாரம் உட்கார்ந்து பார்க்கும் ஜனங்கள் பார்ப்பது வேலை நடக்கும் கையை. உங்கள் தங்கைக்கும் அப்படி ஒரு பிடி வேண்டும். இந்த எபிசோடுக்குச் சுவர்ப்பூச்சும் தரையும் போதும். கட்டில், திரை, குஷன் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

இன்னொன்று: போட்டியில் கொடுப்பது வெள்ளையடித்த வெற்று அறை. செட்டிநாட்டு வீடு ஏற்கெனவே முடிந்து நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் சுவர் டைல் என்று கப்பலில் கொண்டுவந்து இழைத்த வீடுகள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டை, காட்டி ‘முன்பு, பின்பு’ விளையாட்டு ஆட முடியாது. முன்பு இருந்ததே அழகாக இருக்கும். ஆகவே பூட்டிய அறையைத் தேர்ந்தது சரி. அதிலும் யாரோ பிற்காலத்தில் சிமெண்ட் வைத்துப் பூசி, சிமெண்ட் தரை போட்ட அறையாகப் பாருங்கள். கெட்டுப்போனதைச் சீராக்கும் வேலையை நெஞ்சு உறுத்தாமல் செய்யலாம்.

வேலைக்கு முன்னால் அனுமதி. சாவி வைத்திருப்பவர் சொன்னால் போதும் என்று நினைப்பதில்தான் பாதிப் படப்பிடிப்புகள் மாட்டிக்கொள்கின்றன. பெரும்பாலான வீடு பல பங்காளிகளுக்குப் பொது. வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் புள்ளிவாரியாக, அதாவது குடும்பவாரியாக, பிரிந்திருக்கும். அந்த அறை யார் பங்கில் வருகிறது என்று கேட்டு அவரிடம் தனியாகவும், முகப்பு, முன்கூடமான பட்டாலை, வளவு, முற்றம் ஆகிய பொது இடங்களுக்கு எல்லாப் பங்காளிகளிடமும் எழுத்தில் வாங்குங்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும், ஆனால் படப்பிடிப்புக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கடிதத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எந்தெந்த இடம், எதைக் கழற்றுவோம், எதைத் தொடவே மாட்டோம். சாமி வீடும், முன்னோருக்குப் படைக்கும் படைப்புச் சாமான் வைத்த பெட்டியும் மூன்றாவதில் வரும். கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. அந்த நேரத்தில் பூட்டிய வீடும் திறக்கும், ஆள் கூடும், தேதி கேட்காதீர்கள். மழையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் தை பாதியிலிருந்து பங்குனி வரைதான் தோது. ஐப்பசி, கார்த்திகையில் சுண்ணாம்பு காயாது. சித்திரையில் அளவுக்கு மீறிச் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும்.

தொகுப்பாளர் வாயில் வரும் சொல்லிலும் ஊர் தெரிய வேண்டும். வீட்டுப் பெரியவரை ‘ஆண்ட்டி’ என்று கேமரா முன் அழைத்தால் அங்கேயே பாதிப் பேர் சேனலை மாற்றிவிடுவார்கள். ‘ஆச்சி’ என்றே கூப்பிடட்டும். கொத்தனாரை ‘அண்ணே’. அறைகளையும் ‘ஹால்’, ‘லாபி’ என்று சொல்லாமல் முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி என்றே சொல்லட்டும். முகப்பு வாசலில் நின்றால் கட்டுக்கட்டாகத் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். அந்தக் கோட்டில் கேமராவை இடுப்புயரத்தில் வைத்து, வாசல் நிலை ஒவ்வொன்றும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி ஒரு ஷாட் எடுத்தால் வீட்டின் அமைப்பைப் பற்றி வசனமே தேவையில்லை.

இனி சுவர். செட்டிநாட்டுச் சுவர் என்றாலே ‘முட்டை வெள்ளைக்கருவால் கட்டியது’ என்று ஒரு பேச்சு உண்டு. உங்கள் தங்கை அதைத் திருப்பிச் சொல்லாமல் இருந்தாலே மற்றவர்களிடமிருந்து தனித்துத் தெரிவார். முட்டை சேர்வது கடைசிப் பூச்சில் மட்டும், அதுவும் கொஞ்சம். பளபளப்பு வருவது தேய்ப்பில்.

அறையில் அடிச்சுவர் 3, 4 அடி உயரத்துக்கு சிமெண்ட் பூசியிருப்பது வழக்கம். ஓதம் ஏறுகிறது என்று பூசியிருப்பார்கள். அதனால் நடப்பது நேர்மாறானது. பழைய செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறி, அங்கே நல்ல நிலையில் இருந்த பழைய பூச்சை உப்பாகப் பூத்துத் தள்ளும். அதனால்தான் சிமெண்ட் முடியும் இடத்துக்கு ஓரடி மேலே சுவர் பொரிந்து நிற்கிறது. முதல் நாள் செய்ய வேண்டியது, விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிப் பார்ப்பது. ‘டொக்டொக்’ என்று கெட்டியாகக் கேட்டால் விட்டுவிடலாம்; பொத்தென்று கேட்கும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடுங்கள். கேமராவுக்கு இது பிரமாதமான காட்சி. சத்தமே கதை சொல்லும். பிறகு உளியும் சின்னச் சுத்தியலும் வைத்து சிமெண்டைக் கையால் எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வேண்டாம். அதிர்வு பக்கத்துச் சுவரின் நல்ல பூச்சையும் தளர்த்திவிடும்.

40 சதுர அடி திருத்தப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பூச்சு 12 மி.மீ. கனம், ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக் குழைவுக்கு மூன்று பங்கு ஆற்று மணல். 15 லிட்டர் குழைவும் 45 லிட்டர் மணலும் பிடிக்கும்; சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு குறைந்தது 15 நாள் தண்ணீருக்குள் நீறிக் கிடந்திருக்க வேண்டும், அதிகமானால் நல்லது. நீறாத பொடிக்கல் உள்ளே மாட்டினால் பூசி ஒரு மாதம் கழித்து அது ஈரம் குடித்துப் பருத்து, சுவரில் கொப்புளம்போல வெடித்துக் குழி விழும். மணலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மேலே தடிமனாகச் சேறு படிந்தால் அந்த மணல் ஆகாது. சேறு சுருங்கும்போது பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும். கடுக்காய் ஊறலும் கருப்பட்டித் தண்ணீரும் கொத்தனார் தன் கைப்பக்குவப்படி சேர்ப்பார். அளவு ஆளுக்கு ஆள் மாறும்; அவர் சேர்ப்பதை அப்படியே படமெடுங்கள், குறுக்கே கேட்காதீர்கள்.

பூசுவதற்கு முந்தின நாள் செங்கல்லைத் தண்ணீர் தெளித்து ஊற விட வேண்டும். காய்ந்த செங்கல் பூச்சிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு பிடிக்காமல் மாவாக உதிரும். பூசிய பின் ஒரு வாரம் காலையும் மாலையும் லேசாகத் தெளிப்பு. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாலும் சரி. இந்த இடத்தில்தான் உங்கள் முதல் 4 நாள் முடிகிறது. அடுத்த 3 வாரத்தில் குழு இருக்க வேண்டியதில்லை. கொத்தனாரும் ஒரு சித்தாளும் போதும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத அளவுக்கு அடிப்பூச்சு இறுகியதும், சலித்த மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த இரண்டாம் பூச்சை அவர்கள் மெல்லிதாக ஏற்றிவிடுவார்கள். ஒரு மொபைலை ஸ்டாண்டில் மாட்டி, பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி வைத்துவிட்டு வாருங்கள். சுவர் கறுப்பிலிருந்து சாம்பலாகி வெளுப்பது அரை நிமிஷக் காட்சியாகும்.

மேற்பூச்சுக்குக் குழு திரும்பி வர வேண்டும். இதை நெருக்கத்தில் எடுங்கள். சிப்பிச் சுண்ணாம்பையும் வெள்ளைக் கல்பொடியையும் கல்லில் வெண்ணெய்போல அரைத்து, வெள்ளைக்கரு சேர்த்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் துகளே தட்டாத பதத்துக்குக் கொண்டுவருவார்கள். முந்தின பூச்சின் ஈரம் முழுக்கப் போகுமுன் கரணையால் ஒரு மி.மீ. அளவுக்கு இழுத்து, கரணையின் முதுகாலேயே அழுத்தி, பிறகு உள்ளங்கைக்குள் அடங்கும் வழவழப்பான கூழாங்கல்லால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பு. தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும். முத்து முத்தாக நீர் கசிந்து நிற்கும். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்ப்பார்கள். வியர்வை நிற்கும்வரை இது தொடரும், அடுத்த நாளும் போகலாம். ஒற்றாமல் விட்டால் காய்ந்த இடத்தில் திட்டுத் திட்டாக மங்கும். நடுவில் சாப்பிடப் போய்விட்டு வந்தால் விட்ட இடம் கோடாகத் தெரியும். ஆகவே ஒரு சுவர் தொடங்கினால் மூலையில்தான் நிறுத்த வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. இரண்டு கொத்தனார் மாறி மாறி வேண்டியிருப்பது இதற்காகத்தான். ‘கட்’ சொல்லி மறுபடி செய்யச் சொல்ல முடியாத வேலை இது. இரண்டு கேமரா இருந்தால் ஒன்று சுவரில், ஒன்று முகத்தில்.

இப்படித் தேய்த்து மெருகேற்றிய பழைய பளிங்குப் பூச்சு நன்றாக இருக்கும் சுவரில் டிரில் போடவே கூடாது, ஆணியும் கூடாது. படக்குழுவினர் எதையும் டேப்பால் ஒட்டிவிடும் பழக்கம் உள்ளவர்கள். இரட்டைப் பக்க டேப்பை உரிக்கும்போது நூறு வருஷத்துப் பூச்சின் தோலும் கூடவே வரும். முதல் நாளே டேப்பையெல்லாம் வாங்கி ஒரு பெட்டியில் பூட்டிவிடுவது உத்தமம். அழுக்கைத் துடைக்க வெறும் தண்ணீரில் பிழிந்த பருத்தித் துணி. சோப்பும் வேண்டாம், ஆசிடும் வேண்டாம்.

தரைக்கு வருவோம். பழைய வீடுகளில் உள்ளதெல்லாம் ஆத்தங்குடிக் கல் என்று சொல்லிவிடாதீர்கள். பளிங்கும் கருங்கல்லும் உண்டு, சுவரின் கீழ்ப்பகுதியில் மேடு பள்ளமாகப் பூ எழும்பிய பளபளப்பு டைல் ஜப்பானிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் தகட்டில் செய்த பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைக் குலையாமல் தூக்கிவிடுகிறார்கள். மேலே உலர்ந்த சிமெண்ட் மணல் கலவையைத் தூவினால் அது குழம்பின் அதிக ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக் கலவையை அள்ளிப் போட்டு மட்டப்படுத்துகிறார்கள். மறுநாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் சில நாள், பிறகு காயவைப்பார்கள். கண்ணாடி கழன்று வந்ததும் தெரியும் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. நேரில் காட்டும்போது அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் கேமரா மேலிருந்து நேராகப் பார்க்க வேண்டும். பக்கத்திலிருந்து எடுத்தால் கல் செய்பவர் கைதான் தெரியும், பூ தெரியாது. இதை முதல் 4 நாளில் ஒருநாள் காலையில் ஆத்தங்குடி போய் எடுத்துவிடுங்கள். ஆர்டரும் அன்றே கொடுங்கள். செய்து, ஊறி, காய்ந்து வர இரண்டு, மூன்று வாரம் ஆகிவிடும், இடைவெளிக்குள் அடங்கும்.

அறை 12க்கு 10 அடி என்றால் 120 சதுர அடி. 8 அங்குலக் கல் 270 வேண்டும். பத்து சதவீதம் சேர்த்து 300 சொல்லுங்கள். கையால் கலக்கும் நிறம், அடுத்த தடவை அதே சாயல் வராது. குறைந்தபின் 20 கல் தனியாகக் கேட்டால் ஒட்டுப் போட்ட துணிபோல இருக்கும். 20 மி.மீ. கனமுள்ள கல் ஒன்று ஏறத்தாழ 1.8 கிலோ. 300 கல் அரை டன்னைத் தாண்டும். சின்ன யானை வண்டியில் வைக்கோல் பரப்பி, செங்குத்தாக நிறுத்தி, முகத்தோடு முகம் சேரும்படி அடுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளது வரும்வழியிலேயே விரிசல் விடும். வந்ததும் எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் பரப்பி, சாயல் அடர்ந்ததையும் வெளிறியதையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிவாரியாகப் பதித்தால் அறையில் பட்டை பட்டையாகத் தெரியும்.

பதிக்கும்போது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற 1:6 கலவை, ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் கனம். கல்லின் முதுகை நனைக்கலாம், முகத்தை நனைக்க வேண்டாம். மரச்சுத்தியோ ரப்பர்ச் சுத்தியோதான். இடைவெளி ஒன்று, இரண்டு மி.மீ.க்கு மேல் விட வேண்டாம். கசிந்து மேலே வரும் சிமெண்ட் பாலை அந்த நிமிஷமே துடைக்க வேண்டும். ‘சாயங்காலம் மொத்தமாகக் கழுவிக்கலாம்’ என்பவரை வேலைக்கு வைக்காதீர்கள். காய்ந்துவிட்டால் எல்லோர் கையும் ஆசிடுக்குப் போகும். ஆசிட் சிமெண்ட் கறையோடு வண்ணத்தையும் தின்றுவிடும். மேலே இருக்கும் வண்ணப் படலம் சில மி.மீ.தான், பாலிஷ் மெஷினும் அதே காரணத்தால் ஆகாது. இரண்டு, மூன்று நாள் யாரும் நடக்கக் கூடாது. பிறகு ஈர உமியால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

எண்ணெய் விஷயத்தில் படக்குழுக்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று. நிறைவுக் காட்சிக்குப் பளபளப்பு வேண்டுமென்று பதித்த மறுநாளே எண்ணெய் போடுவது. அடியில் ஈரம் இருக்கும்போதே மேலே அடைத்தால் ஒரு வாரத்தில் வெள்ளை உப்புப் பூக்கும். வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். உலர்ந்த தேங்காய் நாரால் தேய்த்து, வெறும் துணியால் துடைத்து, அறையைக் காற்றாட விட்டால் நாளடைவில் குறையும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து உள்ளே போய் மறுபடி வரும். கல் நன்றாக மெருகேறுவது நடமாட்டத்தில், மாதக்கணக்கில். நிறைவுக் காட்சியில் புதுக்கல் சற்று மங்கலாக இருந்தால் இருக்கட்டும். காரணத்தைத் தொகுப்பாளர் இரண்டு வரியில் சொன்னால் பார்ப்பவர்களுக்குப் புரியும்.

மரத்துக்கு அதிகம் செய்ய வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டி, காய்ந்த துணியால் துடைத்தாலே தேக்கு பாதி முழித்துக்கொள்ளும். வறண்டு வெளுத்த இடத்தில் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சமமாகக் கலந்து, மறைவான ஓர் ஓரத்தில் தடவி ஒருநாள் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கட்டாயம் கவனிக்க வேண்டியது அந்தத் துணி. ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளிக்குள் அமுக்குங்கள். கதவில் பதித்த பித்தளையைப் புளி போட்டுத் துலக்க வேண்டாம், புளித்தண்ணீர் சுற்றியுள்ள மரத்தில் கறை விடும். கழற்ற முடிந்த குத்துவிளக்கு, சொம்புக்குப் புளி சரி.

கரண்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய வீட்டு வயரிங்கில் படப்பிடிப்பு விளக்கைச் செருகாதீர்கள். 2000 வாட் விளக்கு ஒன்றே 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருப்பது 5 ஆம்பியர் பிளக். வயர் போவது மரச்சட்டத்துக்குள். ஜெனரேட்டரைப் பின்தெருவில் நிறுத்தித் தனிக் கேபிள் இழுங்கள், உள்ளே எல்இடி மட்டும். வீட்டு டியூப் லைட் எரிய வேண்டிய காட்சியில் ஷட்டரை 1/50இல் வையுங்கள், இல்லாவிட்டால் படம் நெளியும்.

வெளிச்சத்தில் பெரிய எதிரி முற்றம். உச்சி வெயிலில் முற்றம் வெளுத்து எரியும், நாலடி தள்ளி வளவுத் தாழ்வாரம் இருட்டு. இரண்டையும் ஒரே ஃபிரேமில் கேமரா தாங்காது. மேலே கம்பி வலை இருந்தால் கட்டம் கட்டமாக நிழல் தொகுப்பாளர் முகத்தில் விழும். காலை 7 முதல் 9 வரை, மாலை 4க்கு மேல் என்று வளவுக் காட்சிகளை ஒதுக்கிவிட்டு, நடுப்பகலில் அறைக்குள் வேலை பாருங்கள். முடியாதென்றால் முற்றத்துக்கு மேலே வெள்ளைக் காடாத் துணியைக் கட்டலாம். கயிற்றைத் தூணில் கட்டும் இடத்தில் மடித்த துணி கொடுங்கள். லென்ஸுக்கு முன்னால் போலரைசர் ஃபில்டர் போட்டால் தரையின் கண்கூச்சம் போகும், ஆனால் முழுக்கத் திருப்பினால் தரை செத்த மாதிரி இருக்கும், பாதியில் நிறுத்துங்கள். கேமரா ஸ்டாண்டின் கூர்க்கால்களுக்கு டென்னிஸ் பந்தை அறுத்து மாட்டுங்கள். ட்ராலி போவதானால் முதலில் ஜமுக்காளம், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் தண்டவாளம்.

சத்தம் இன்னொரு தொல்லை. வளவில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். எவ்வளவு நேரம் சுற்றிவிட்டு அடங்குகிறது என்று கேட்டாலே புரியும். பளிங்குப் பூச்சு, கல்தரை, உயர்ந்த கூரை, எதுவுமே ஒலியைக் குடிக்காது. சட்டையில் குத்தும் மைக் கட்டாயம். கேமராவுக்குப் பின்னால், ஃபிரேமுக்கு வெளியே, பாயும் ஜமுக்காளமும் மெத்தையும் குவித்துவைத்தால் பாதி அடங்கும். புறா மட்டும் யார் சொன்னாலும் கேட்காது.

அலங்காரப் பொருளுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் எல்லோரும் போவார்கள். எனாமல் தூக்கு, ரவிவர்மா அச்சுப்படம், மங்கிய கண்ணாடி, ஜாடி எல்லாம் கிடைக்கும், வாடகைக்கும் பேசலாம். ஒவ்வொரு பொருளையும் நாலு பக்கமும் படமெடுத்து, ஏற்கெனவே உள்ள வெடிப்பைக் குறித்துக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் நிலைக்கதவை வாங்கிப் படுக்கவைத்து மேலே கண்ணாடி போட்டு டீ டேபிள் ஆக்கும் யோசனை வந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்தக் கதவு ஏதோ ஒரு வீடு இடிந்ததால் கடைக்கு வந்தது. இன்னொரு வீட்டைக் காப்பாற்றும் நிகழ்ச்சியில் அதைக் காட்டுவது பொருந்தாது. பெரும்பாலும் வெளியே தேட வேண்டிய தேவையும் இருக்காது. வீட்டு மேல்மாடியிலும் பெட்டகத்திலும் இருப்பதை ஆச்சியிடம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பெயரும் உபயோகமும் சொல்வார், அதுவே ஒரு காட்சி. கட்டில் விரிப்புக்கும் குஷனுக்கும் கண்டாங்கிச் சேலைத் துணி. அரக்கு, மஞ்சள், கறுப்புக் கட்டம் தரை நிறத்தோடு சண்டை போடாது, ஆனால் பூக்கல் தரை மேல் பூப்போட்ட துணி போட்டால் கண் எதில் நிற்பது என்று தெரியாமல் அலையும். சின்னச் சாமான்களுக்குக் கொட்டான் என்னும் பனையோலைக் கூடை. படங்களைச் சுவரில் அடிக்காமல், பழைய ஆணி இருக்கும் இடத்திலோ மர அலமாரி மேல் சாய்த்தோ வையுங்கள்.

குளியலறையை அந்த அறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று சேனல் கேட்கும். மறுத்துவிடுங்கள். ஈரம் தேங்கும் இடத்தைச் சுண்ணாம்புச் சுவருக்கு நடுவே வைத்தால் மேலே செய்ததெல்லாம் வீண். பின்கட்டில், ஏற்கெனவே வடிகால் போகும் பக்கம் தனியாகக் கட்டலாம்.

இரண்டாவது 8 நாளில் வரிசை மாறக் கூடாது: மேற்பூச்சு 2 நாள், தரை பதிப்பு 2 நாள், ஆள் நடமாடாத 2 நாள், அலங்காரம் ஒருநாள், நிறைவுக் காட்சி ஒருநாள். தரை முதலில் என்று யாராவது சொன்னால், சுவரிலிருந்து சொட்டும் சுண்ணாம்புத் தண்ணீர் புதுக்கல்லின் முகத்தில் விழும் என்று காட்டுங்கள். நடமாட்டமில்லாத 2 நாளில் குழு சும்மா இருக்க வேண்டாம். ஊருணி, முகப்பு, கானாடுகாத்தான் தெரு, ஆச்சியின் பேட்டி எல்லாம் அப்போது எடுக்கலாம்.

மிஞ்சிய கல் 25, 30 இருக்கும். அதைச் சேனல் வண்டியில் ஏற்றிவிடாமல் அந்த அறை அலமாரிக்குள் நிறுத்திவைத்து, கொத்தனார் சொன்ன கலவை அளவையும் கல் ஆர்டர் கொடுத்த தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கதவின் உள்பக்கம் செருகிவிடுங்கள். எண்ணெய் பாட்டிலையும் அங்கேயே வைத்து, கல்லில் ஈரம் முழுக்க இறங்கிய பின், மாசி பங்குனியில் பதித்திருந்தால் சித்திரை வெயில் ஏறிய பின், துணியில் தொட்டுத் துடைக்கச் சொல்லி ஆச்சியிடம் ஒப்படைத்துவிட்டு வரலாம்.